பாங்கோசையின் முதல் குரல் யாருடையது, தெரியுமா?

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலோ சோனகதெருவிலோ குடியிருப்பவர்களுக்குப் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பான பாங்கோசை புதிதல்ல. விடியப்புறம் ஒன்று, மதியம் ஒன்று, பின்னேரம் ஒன்று, பொழுதுபட்டதும் ஒன்று, இரவில் ஒன்று என நாளுக்கு ஐந்து தடவை! கோயில் மணியோடும் தேவாலய மணியோடும் சேர்ந்து இந்த ஊருக்கு நேரம் சொல்லிவந்த குரல் அது. ஆனால் அந்தப் பாங்கை முதன்முதலில் சொன்ன மனிதர் யார், தெரியுமா?

அவர் ஓர் அடிமை! அடிமைத் தாய்க்குப் பிறந்தவர்! சுடுமணலில் மல்லாத்திக் கிடத்தி, நெஞ்சில் பாறாங்கல் ஏற்றி வதைக்கப்பட்டவர்! அவர்தான் பிலால் இப்னு றபாஹ் (ரழி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர். இஸ்லாத்தை முதன்முதலில் ஏற்றுக்கொண்ட மிகச் சிலரில் ஒருவர். கறுத்த மேனி, அபிசீனிய வம்சம், மணியான குரல். அவருடைய வாழ்க்கையைத் தோண்டத் தோண்ட அதிசயம்தான் வருகிறது. யாழ்ப்பாணத்தோடு அவருக்கு ஒரு தொடுப்புக்கூட இருக்கிறது. அதையும் சொல்கிறேன், வாருங்கள்!

ஒரே சொல்லால் ஒரு பிரபுவைத் தோற்கடித்தவர், தெரியுமா?

பிலால் பிறந்தது மக்காவில். தாய் ஹமாமா, தந்தை றபாஹ். எசமான் உமய்யா இப்னு கலஃப், மக்காவின் குறைஷிக் குலத்தில் பெரும் பணக்காரன். தன் அடிமை தன்னைக் கேட்காமல் ஒரு புதிய மார்க்கத்தை ஏற்றுக்கொண்டதை அவனால் பொறுக்க முடியவில்லை. உச்சிவெயில் கொதிக்கும் நேரத்தில் பிலாலை ஊருக்கு வெளியே இழுத்துச் சென்றான். மணலில் கிடத்தினான். நெஞ்சின் மேல் பெரிய கல்லை வைக்கச் சொன்னான். முகம்மதை மறுத்துவிடு, எங்கள் தெய்வங்களை வணங்கு, இல்லாவிட்டால் சாகும்வரை இப்படியே கிட என்றான்.

மூச்சுவிட முடியாத அந்த நிலையில் பிலாலின் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்: “அஹத்!” ஒருவனே! திரும்பவும் “அஹத்!” உமய்யாவுக்குச் செல்வம் இருந்தது, ஆள்படை இருந்தது. பிலாலுக்குத் தன் உடம்புகூடச் சொந்தமில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்க மக்காவில் எவராலும் முடியவில்லை!

அவருக்குப் பேசிய விலை தெரியுமா?

அந்தக் கொடுமையைக் கண்ட அபூபக்ர் (ரழி) அவர்கள் உமய்யாவிடம் பேசி, பிலாலை வாங்கி, உடனேயே விடுதலை செய்தார்கள். விலை எவ்வளவு என்பதில் பல அறிவிப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றைக் கேளுங்கள். பேரம் முடிந்த பிறகு விற்றவர்கள் எகத்தாளமாகச் சொன்னார்களாம், நீர் ஓர் ஊக்கியா (ஒரு பழைய நிறையளவு) தந்திருந்தாலே கொடுத்திருப்போம் என்று. அதற்கு அபூபக்ர், நீங்கள் நூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றாராம்!

பிலால் ஒருவரை மட்டும் அவர் மீட்கவில்லை. வதைபட்ட அடிமைகள் ஏழு பேரைத் தன் பணத்தால் அவர் விடுவித்தார் என்று இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு கூறுகிறது. பிற்காலத்தில் கலீபா உமர் (ரழி), அபூபக்ர் எங்கள் தலைவர், எங்கள் இன்னொரு தலைவரை விடுவித்தவர் என்று பெருமையோடு சொல்வார். அந்த இன்னொரு தலைவர் பிலால்தான். நேற்று வரை சந்தைப் பொருளாக இருந்தவரை ஒரு பேரரசின் தலைவர் தன் தலைவர் என்று அழைக்கிறார்!

யாழ்ப்பாணத்தில் அடிமைகளுக்கென ஒரு சட்டமே இருந்தது, தெரியுமா?

அரேபியப் பாலைவனத்துக் கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து எழுதினார்களே, தேசவழமை! காணி, சீதனம், முதுசொம், அடைவு என்று இன்றைக்கும் நாம் பேசுகிற அதே சட்டம்தான். அந்தத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருப்பதற்கு ஒழுங்குவிதி எழுதி வைத்திருந்த ஊர் நம்முடைய ஊர்.

இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். பிலால் விடுதலையடைந்து 1,200 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு! அதனால்தான் சொல்கிறேன், பிலாலின் கதை நமக்குத் தூரத்துக் கதையே இல்லை.

பாங்கு ஒரு கனவில் கிடைத்தது, தெரியுமா?

கி.பி. 622இல் நபிகளார் மக்காவைவிட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் (புலம்பெயர்ந்து) வந்தார்கள். பள்ளிவாசல் கட்டப்பட்டது. தொழுகைக்கு மக்களை எப்படிக் கூப்பிடுவது? கொம்பு ஊதலாமா, மணி அடிக்கலாமா, நெருப்பு மூட்டிக் காட்டலாமா என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அப்போது அப்துல்லாஹ் இப்னு ஸைத் என்ற தோழர் ஒரு கனவு கண்டார். பாங்கின் வார்த்தைகள் முழுவதையும் ஒருவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாராம். உமர் அவர்களும் அதே கனவைக் கண்டிருந்தார்!

நபிகளார் மகிழ்ந்தார்கள். கனவு கண்டவரையே பாங்கு சொல்லச் சொன்னார்களா? இல்லை! அந்த வார்த்தைகளைப் பிலாலுக்குச் சொல்லிக்கொடும், அவருடைய குரல்தான் நன்றாகக் கேட்கும் என்றார்கள். சித்திரவதையில் “அஹத்” என்று முனகிய அதே தொண்டை மதீனா முழுவதும் கேட்க முழங்கியது! விடியப்புறப் பாங்கில் மட்டும், தூக்கத்தைவிடத் தொழுகை மேல் என்ற பொருளில் ஒரு வரி கூடுதலாக வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? அதைச் சேர்த்துச் சொன்னவரும் பிலால்தான். நபிகளார் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பது அறிவிப்பு.

முதல் மினாரா ஒரு பெண்ணின் வீட்டுக் கூரை, தெரியுமா?

அன்றைக்கு மினாரா ஏது? பள்ளிவாசலைச் சுற்றியிருந்த வீடுகளில் உயரமானது நஜ்ஜார் குலத்துப் பெண் ஒருவரின் வீடு. பிலால் தினமும் இருட்டோடு இருட்டாக வந்து அந்தக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கீழ்வானத்தையே பார்த்தபடி இருப்பார். வெளிச்சக்கீற்று தெரிந்ததும் உடம்பை நெட்டிமுறித்து எழும்புவார். பாங்கு சொல்லுமுன் ஒரு துஆ, அதாவது பிரார்த்தனை, கேட்பார். ஒரு நாளாவது அவர் அதை விட்டதை நான் காணவில்லை என்று அந்த வீட்டுக்காரப் பெண்மணியே சொல்லியிருக்கிறார்.

என்ன துஆ, தெரியுமா? குறைஷிகள் நேர்வழிக்கு வரவேண்டும் என்று! யார் அந்தக் குறைஷிகள்? அவருடைய நெஞ்சில் கல்லை ஏற்றிய கூட்டம்! வதைத்தவர்களுக்காக ஒவ்வொரு விடியலிலும் கையேந்திய மனிதர் அவர். படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கவில்லையா?

கண் தெரியாதவரோடு சேர்ந்து நேரம் சொன்னார், தெரியுமா?

றமழான் மாதத்தில் மதீனாவில் இரண்டு பாங்கு. இரவு இன்னும் மீதமிருக்கும்போது பிலால் சொல்வார். அது தூங்குபவர்களை எழுப்ப. உண்மையான விடியலில் இப்னு உம்மி மக்தூம் சொல்வார். அதோடு நோன்புக்கு முந்திய ஸஹர் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். இந்த இரண்டாமவருக்குக் கண் பார்வை கிடையாது! விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்னதும் எழுந்து பாங்கு சொல்வார். முன்னாள் அடிமை ஒருவர், பார்வையற்றவர் ஒருவர். ஒரு நகரத்தின் நோன்பும் தொழுகையும் இந்த இருவரின் குரலை நம்பி நடந்திருக்கின்றன!

ஒரு நாள் பிலாலே தூங்கிவிட்டார், தெரியுமா?

கைபர் போரிலிருந்து திரும்பும் வழி. எல்லோருக்கும் பயங்கரக் களைப்பு. சுபஹு என்ற விடியப்புறத் தொழுகைக்கு எழுப்பும் பொறுப்பைப் பிலாலிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் படுத்தார்கள். பிலால் தன் ஒட்டகத்தில் சாய்ந்தபடி கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே கண் அயர்ந்துவிட்டார்! வெயில் சுட்டபிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். முதலில் எழுந்தது நபிகளார். என்ன பிலால் என்று கேட்டபோது, உங்களை ஆட்கொண்ட அதே தூக்கம்தான் என்னையும் ஆட்கொண்டது என்றார் பிலால்.

ஏச்சு விழுந்ததா? இல்லை. கொஞ்சத் தூரம் நகர்ந்து போய், தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி வுழூ செய்து, பிலாலைப் பாங்கு சொல்லவைத்து எல்லோரும் தொழுதார்கள். தூங்கியோ மறந்தோ தொழுகை தவறினால் நினைவு வந்ததும் தொழ வேண்டும் என்ற சட்டம் உலக முஸ்லிம்களுக்குக் கிடைத்தது அந்தத் தூக்கத்தால்தான்!

வியாபாரிகளே, பிலாலின் பேரீச்சம்பழக் கணக்கு தெரியுமா?

நபிகளாரின் வரவுசெலவைக் கவனித்தவரும் பிலால்தான். ஒரு நாள் உயர்ந்த ரகமான பர்னி பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார். எங்கிருந்து என்று கேட்டார்கள். மட்டமான பழம் இருந்தது, அதில் இரண்டு அளவு கொடுத்து இதில் ஒரு அளவு வாங்கினேன் என்றார். நபிகளார் பதறிவிட்டார்கள். இது வட்டியல்லவா! மட்டமானதைத் தனியாக விற்றுக் காசாக்கி, அந்தக் காசுக்கு நல்லதை வாங்கு என்று திருத்திக் கொடுத்தார்கள். இஸ்லாமிய வணிகச் சட்டத்தின் முக்கியமான ஒரு விதி பிலாலின் கூடைப் பழத்திலிருந்து பிறந்தது.

இன்னொரு காட்சி. பெருநாள் தொழுகை முடிந்து நபிகளார் பெண்கள் பக்கம் போய் தருமம் செய்யச் சொன்னார்கள். பிலால் தன் துணியை விரித்துப் பிடித்தார். தோடும் மோதிரமும் வந்து விழுந்தன! ஊரின் நகைகளை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அவர்மேல் நம்பிக்கை.

வதைத்த ஊருக்காகவே அவர் ஏங்கினார், தெரியுமா?

இது என்னை மிகவும் உலுக்கிய செய்தி. மதீனாவுக்கு வந்த புதிதில் பலருக்கு அங்கத்தைய காய்ச்சல் பிடித்தது. பிலாலும் படுத்தார். காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் குரலெடுத்துப் பாடுவாராம். எதைப் பற்றி? மக்காவைப் பற்றி! அந்தப் பள்ளத்தாக்கின் இத்கிர் என்ற வாசனைப் புல்லையும் ஜலீல் என்ற செடியையும் இன்னொரு முறை பக்கத்தில் பார்ப்பேனா, மஜன்னா ஊற்றில் தண்ணீர் குடிப்பேனா, ஷாமா, தஃபீல் மலைகள் கண்ணில் படுமா என்று. ஆயிஷா (ரழி) அவர்கள் இதை அறிவித்திருக்கிறார்கள். அடிமையாகக் கிடந்த ஊர், அடிபட்ட ஊர், ஆனாலும் பிறந்த ஊர்! புல்லின் வாசம்கூட மறக்கவில்லை.

இந்த ஏக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டே மணிநேரம் தவணை கொடுத்து அவர்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். ஒஸ்மானியா கல்லூரியில் பிள்ளைகளின் சத்தம் ஓய்ந்தது. பள்ளிவாசல்களில் பாங்கு நின்றது. தஞ்சம் புகுந்த புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. எவ்வளவு நொந்தாலும் அந்த மக்கள் தங்களை யாழ்ப்பாணத்தார் என்றே சொல்லிக்கொண்டார்கள். 2002 சமாதான காலத்தில் சிலரும், 2009இல் போர் முடிந்தபின் இன்னும் சிலரும் திரும்பினார்கள். சோனகதெருவில் பாங்கு மறுபடி எழுந்தது. பிலாலின் ஏக்கம் எதுவென்று அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

கஃபாவின் கூரையில் ஏறிய கால்கள் யாருடையவை, தெரியுமா?

பத்ருப் போரில் உமய்யா மாண்டுபோனான். கி.பி. 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டது. நபிகளார் அங்கிருந்த புனித இல்லமான கஃபாவுக்குள் நுழைந்தபோது கூடச் சென்றவர்களில் ஒருவர் பிலால். கதவு சாத்தப்பட்டது. வெளியே எத்தனையோ பிரபுக்கள் காத்து நின்றார்கள். நபிகளார் உள்ளே எந்த இடத்தில் தொழுதார்கள் என்பதை உமர் அவர்களின் மகன் அப்துல்லாஹ் பிலாலிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்!

அதன்பின் நடந்ததுதான் உச்சம். கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லும்படி பிலாலுக்குக் கட்டளை! அரபுலகமே புனிதமாகப் போற்றிய கட்டடத்தின் உச்சியில் ஒரு கறுப்பின முன்னாள் அடிமை! இதைப் பார்க்காமல் என் தகப்பன் செத்தது நல்லதாய்ப் போயிற்று என்று குறைஷிப் பிரமுகர் ஒருவர் புலம்பியதாக வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போக உரிமை கேட்டுப் போராடியது 1968இல். வாசலில் நிற்கவைப்பதன் வலி இந்த மண்ணுக்குத் தெரியும். பிலால் ஏறிய உயரம் எவ்வளவு என்பதும் இந்த மண்ணுக்குத்தான் நன்றாகப் புரியும்.

அந்தக் கால்களின் ஓசை எங்கே கேட்டது, தெரியுமா?

ஒரு விடியப்புறம் நபிகளார் பிலாலைக் கூப்பிட்டு, சொர்க்கத்தில் எனக்கு முன்னால் உம்முடைய செருப்போசை கேட்டதே, நீர் செய்யும் எந்தச் செயலில் உமக்கு அதிக நம்பிக்கை என்று கேட்டார்கள். பிலாலின் பதில் எவ்வளவு எளிமை! இரவானாலும் பகலானாலும், வுழூ செய்தவுடன் என்னால் முடிந்த அளவு தொழாமல் இருந்ததில்லை என்றார். சித்திரவதையைத் தாங்கியதைச் சொல்லவில்லை. கஃபாவில் ஏறியதைச் சொல்லவில்லை. யாரும் பார்க்காத ஒரு சின்னப் பழக்கத்தைச் சொன்னார்!

நாம் கேட்டு வளர்ந்த ஒரு கதை உண்மையில்லை, தெரியுமா?

பிலாலுக்கு ‘ஷ’ வராது, ‘ஸ’ என்றே உச்சரிப்பார், அதனால் வேறொருவரைப் பாங்கு சொல்லவிட்டபோது பொழுதே விடியவில்லை என்று ஒரு கதை உண்டு. பயான் எனும் மார்க்க உரைகளிலும் கேட்டிருப்பீர்கள். இப்னு கதீர் போன்ற பேரறிஞர்கள் இந்த உச்சரிப்புக் கதைக்கு அடிப்படையே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், நல்ல குரல் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். தெளிவான நாவுடையவர். உண்மையே இவ்வளவு அதிசயமாக இருக்கும்போது கட்டுக்கதை எதற்கு?

அவர் ஏன் மதீனாவைவிட்டுப் போனார், தெரியுமா?

கி.பி. 632இல் நபிகளார் மறைந்தார்கள். பாங்கில் முகம்மது என்ற பெயர் வருகிறதே! அந்த இடம் வந்ததும் பிலாலின் குரல் உடைந்தது என்பார்கள். அவர் சிரியாவுக்குப் போய்விட்டார். கலீபா உமர் சிரியாவுக்கு வந்தபோது மக்கள் கெஞ்சிக் கேட்க, ஒரே ஒரு முறை பாங்கு சொன்னார். தாடி நனைய நனைய எல்லோரும் அழுதார்களாம். ஹிஜ்ரி 20, அதாவது கி.பி. 641 அளவில் டமஸ்கஸ் நகரில் அவர் காலமானார் என்பது பரவலான கருத்து. மரணப் படுக்கையில் மனைவி ஐயோ துக்கமே என்று அழ, நாளைக்கு என் அன்பர்களைச் சந்திக்கப் போகிறேன், இது சந்தோஷம் என்றாராம் பிலால்.

யாழ்ப்பாண மன்னனையும் பிலாலையும் இணைப்பவர் யார், தெரியுமா?

முதலில் சொன்ன தொடுப்பு இதுதான்! மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1326இல் டமஸ்கஸுக்குப் போனார். அங்கே பாபுஸ் ஸகீர் மையவாடியில் பிலாலின் அடக்கத்தலம் இருப்பதைத் தன் பயணநூலில் குறித்தார். அதே மனிதர் 1344இல் இலங்கைக் கரையில் இறங்கினார். அவரை வரவேற்றவர் யார்? யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச் சக்கரவர்த்தி! அந்தச் சைவ மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது. முத்துக்களைக் காட்டினார். உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணம் அவரிடம் இருந்தது. பாவா ஆதம் மலைக்கு (சிவனொளிபாத மலைக்கு) போக இப்னு பதூதாவுக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினார். அந்தச் சந்திப்பு நடந்த இடம் புத்தளம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் தஞ்சம் புகுந்த அதே புத்தளம்!

கதை இன்னும் முடியவில்லை. 1352இல் இப்னு பதூதா சஹாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குப் போனார். அங்கே ஆண்டது கெய்ட்டா வம்சம். தங்கள் மூதாதை யார் என்று அந்த வம்சம் இன்றுவரை பெருமையாகச் சொல்கிறது, தெரியுமா? பிலால்! மக்காவில் விற்கப்பட்ட அடிமையை ஆப்பிரிக்காவின் தங்க அரசர்கள் தங்கள் பாட்டன் என்று கொண்டாடுகிறார்கள். பிலாலின் அடக்கத்தலம், யாழ்ப்பாண மன்னனின் விருந்து, பிலாலின் பேரால் ஆண்டவர்களின் அரண்மனை, மூன்றையும் ஒரே பயணியின் கண்கள் கண்டிருக்கின்றன!

கடைசியாக ஒன்று. யாழ்ப்பாணம் மக்காவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 பாகை தள்ளி இருக்கிறது. அதனால் இங்கே உச்சிப்பொழுது சாய்ந்து சுமார் 2 மணி 40 நிமிடம் கழிந்த பிறகுதான் மக்காவில் சாயும். பிலால் தொடங்கிவைத்த அழைப்பு இப்படி ஒவ்வொரு நாளும் சூரியனோடு சேர்ந்து பூமியைச் சுற்றுகிறது. அந்தச் சுற்றில் மக்காவுக்கு முன்பே யாழ்ப்பாணத்தின் முறை வந்துவிடுகிறது!

பெற்றோரே, ஆசிரியர்களே, ஒரு வேண்டுகோள். பிலாலின் வாழ்க்கையை முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒஸ்மானியாவில் படிக்கும் பிள்ளைக்கும் சொல்லுங்கள், யாழ் இந்துவில் படிக்கும் பிள்ளைக்கும் சொல்லுங்கள், சம்பத்திரிசியாரில் படிக்கும் பிள்ளைக்கும் சொல்லுங்கள். எந்தக் குலம், எந்த நிறம், எந்த ஊர் என்று கேட்டு மனிதரை அளக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அது ஒழியும்வரை பிலாலின் கதையை நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.